யார் வீட்டு நாய்?

மாலை மங்கிய நேரத்தில் உம்பாய் கடற்கரைப் பக்கம் போயிருக்கிறீர்களா? பூலாவ் பெசாருக்குப் படகு ஏறுகிற இடத்துக்குச் சற்று இப்பால், வரிசையாக மீன் சுடும் கடைகள். வாழையிலையில் சுருட்டிய மீன் நெருப்பில் வேகிற வாசனை சாலை வரைக்கும் வந்து ஆளை இழுக்கும். சனிக்கிழமை இரவென்றால் சிங்கப்பூர் நம்பர் காருக்கும் குறைவிருக்காது. அங்கே காசு கொடுக்காமல் வயிறு நிறையச் சாப்பிடுகிறவர்கள் ஒரு கூட்டம் உண்டு. மேசைக்கு அடியில் வாலைச் சுருட்டி உட்கார்ந்திருக்கும் பூனைகளைத்தான் சொல்கிறேன்.

போன மாதம் குடும்பத்தோடு போயிருந்தபோது என் பேத்தி மீன் தலையைக் கீழே போட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "பாட்டி, இங்கே இவ்வளவு பூனை இருக்கே, ஒரு நாய்கூட ஏன் இல்லை?"

சின்னக் கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல நான் ஐம்பது வருஷம் பின்னால் போக வேண்டியிருந்தது. நாய் எங்கே போயிற்று என்பது, நாம் எங்கிருந்து எங்கே வந்தோம் என்பதோடு சேர்ந்த கதை.

லயத்து நாய்

நான் பிறந்து வளர்ந்தது மலாக்கா மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். பெயர் வேண்டாம், இன்று அங்கே லயமும் இல்லை, கித்தா மரமும் இல்லை, எல்லாம் செம்பனை. அன்றைக்கு எங்கள் லயத்தில் பத்து வீடு இருந்தால் ஆறு ஏழு நாயாவது இருக்கும். எந்த நாய் எந்த வீட்டுக்குச் சொந்தம் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. முதல் வீட்டுப் படியில் படுத்திருக்கும், மூன்றாம் வீட்டில் பழைய சோறு தின்னும், கடைசி வீட்டுப் பிள்ளையோடு ஆற்றுக்குக் குளிக்கப் போகும்.

பெயர்கள் மட்டும் ராஜ கம்பீரமாக இருக்கும். ராஜா, டைகர், மணி, ஜிம்மி. இதில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். கோபம் வந்தால் மனிதனை 'நாயே' என்று திட்டுகிற அதே வாய்தான் நாயை 'ராஜா' என்று கூப்பிட்டது!

சும்மா சோறு போட்டு வளர்க்க அன்று யாருக்கு வசதி இருந்தது? நாய்க்கும் வேலை இருந்தது. விடியற்காலையில் பெரட்டு முடிந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போகும் பெண்களுக்கு முன்னால் நாய் ஓடும். பாம்பு கிடந்தால் நின்று குரைக்கும். காட்டுப்பன்றி வந்தால் விரட்டும். ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை பன்றி வேட்டைக்குப் போனால் அதுவும் போகும்; காயத்தோடு திரும்பினால் மஞ்சளும் எண்ணெயும்தான் வைத்தியம். மிருக வைத்தியர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதே எங்களுக்குத் தெரியாது. பூனைக்கு அரிசி மூட்டைக் காவல். எலி பிடிக்காத பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் அடுத்த தோட்டத்தில் விட்டுவிட்டு வருவார்கள். அது இவர்களுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருக்கும்!

துரை பங்களாவில் இருந்த நாய் வேறு சாதி. அல்சேஷன். அதைக் குளிப்பாட்ட ஓர் ஆள், அதற்கென்று வாரத்துக்கு இவ்வளவு இறைச்சி என்று கணக்கு. எங்கள் பாட்டி பங்களாப் புல் வெட்டப் போய்விட்டு வந்து, "துரை வீட்டு நாயாப் பொறந்திருந்தா மாட்டுக்கறியாவது கெடச்சிருக்கும்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் கேட்பவர் யாரும் சிரித்ததில்லை.

சுட வந்த நாள்

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒருநாள் பெரட்டில் கிராணி ஐயா அறிவித்தார்: புதன்கிழமை நாய் சுட ஆள் வருகிறது, லைசென்ஸ் வில்லை கழுத்தில் இல்லாத நாயெல்லாம் சுடப்படும், யாருக்காவது நாய் வேண்டுமென்றால் ஆபீசில் பெயர் கொடுத்து லைசென்ஸ் எடுத்துக்கொள்ளலாம்.

ஏன் சுட்டார்கள் என்பதைப் பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன். மனிதர்களின் கொடுமை என்று மட்டும் அதைச் சொல்லிவிட முடியாது. வெறிநாய்க்கடி நோய் என்பது வந்துவிட்டால் பிழைக்க வழியில்லாத நோய். 1952இல் கோலாலம்பூரில் அது பரவியபோது அரசாங்கம் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டது, லைசென்ஸைக் கட்டாயப்படுத்தியது, உரிமையாளர் இல்லாத நாய்களைக் கொன்றது. 1950களில் தாய்லாந்து எல்லையை ஒட்டி வட மாநிலங்களில், ஐம்பதிலிருந்து எண்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு தடுப்பு வளையத்தையே ஏற்படுத்தி, அங்குள்ள நாய்களுக்கு ஆண்டு தோறும் ஊசி போட்டு வந்தார்கள். அந்த நோய் தீபகற்பத்தை விட்டு நீங்கியதற்கு இதெல்லாம் காரணம். அந்தப் பயத்தில் பிறந்த பழக்கம், நோய் போன பிறகும் போகவில்லை. தெருநாய் என்றால் துப்பாக்கி என்று ஆகிவிட்டது.

எங்கள் லயத்து மணியை எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் ஆபீசில் போய், "அது என் நாய்" என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. லைசென்ஸ் காசு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பயம். நாளைக்கு அது யாரையாவது கடித்தால்? கிராணி வீட்டுக் கோழியைப் பிடித்தால்? பெயர் கொடுத்தவன்தானே மாட்டுவான்!

நான் தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "தாத்தா, நீங்க போயி பேரு குடுங்க தாத்தா."

"எல்லாருக்கும் பொது நாய்ம்மா அது. நாம மட்டும் எப்படிச் சொந்தம் கொண்டாடுறது?"

புதன்கிழமை காலை வந்தது. என் அண்ணன் மணியைக் குசினியில் அடைத்து வாயைச் சாக்குத் துணியால் கட்டினான். அது திமிறிக்கொண்டு வெளியே ஓடிற்று. துப்பாக்கிச் சத்தம் கேட்ட பக்கமே ஓடிற்று. காவல் நாய் அல்லவா? சத்தம் வந்தால் ஒளிந்துகொள்ள அதற்குத் தெரியாது.

ஊருக்கெல்லாம் சொந்தமான நாய் என்றால் சட்டத்தின் கண்ணில் யாருக்கும் சொந்தமில்லாத நாய். இந்த ஒரு விஷயம் எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

ஐந்து வெள்ளி உயிர்

சட்டம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது சுவாரசியமான கதை.

பழைய இங்கிலாந்துச் சட்டத்தில் மாட்டைத் திருடினால் குற்றம், கோழியைத் திருடினால் குற்றம். நாயையோ பூனையையோ திருடினால் திருட்டே அல்ல! உழைக்கவும் உதவாமல் உண்ணவும் உதவாமல் வெறும் ஆசைக்கு வளர்க்கும் பிராணிக்கு என்ன மதிப்பு என்று நினைத்தார்கள். நாய்த் திருட்டைத் தண்டிக்க 1770இல் அங்கே தனியாக ஒரு சட்டம் எழுத வேண்டி வந்தது. மிருகவதைக்கு எதிராக 1822இல் வந்த சட்டமும் மாடு, குதிரை போன்ற வேலைப் பிராணிகளுக்குத்தான். நாய்க்கு அந்தப் பாதுகாப்பு 1835இல்தான் கிடைத்தது.

பிறகு வெள்ளைக்காரன் இந்தியாவுக்கென 1860இல் ஒரு தண்டனைச் சட்டம் செய்தான். அதை ஒட்டி எழுதப்பட்டதுதான் நம் நாட்டுத் தண்டனைச் சட்டமும். அதில் 428ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஐந்து வெள்ளியோ அதற்கு மேலோ பெறுமானமுள்ள பிராணியைக் கெட்ட எண்ணத்தோடு கொன்றால், விஷம் வைத்தால், முடமாக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை. அடுத்த பிரிவில் யானை, குதிரை, எருமை, மாடு ஆகியவற்றுக்கு விலை பார்க்க வேண்டியதில்லை, தண்டனையும் அதிகம். நாய்க்கும் பூனைக்கும் விலை பார்க்க வேண்டும். அதாவது உடைமையாளனுக்கு எவ்வளவு நஷ்டம் என்பதுதான் அங்கே கேள்வி. செத்தது ஓர் உயிர் என்பது அந்தப் பிரிவின் கணக்கில் இல்லை. லயத்து மணிக்கு யார் ஐந்து வெள்ளி கொடுத்திருப்பார்கள்?

உயிரைப் பற்றிப் பேசியது 1953ஆம் ஆண்டுப் பிராணிகள் சட்டம். வாயில்லா ஜீவனை வதைத்தால் 200 வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1953இல் 200 வெள்ளி என்பது ஒரு தோட்டத் தொழிலாளிக்கு மாதக்கணக்கான சம்பளம். ஆனால் அந்தத் தொகை அறுபது ஆண்டு அப்படியே நின்றுவிட்டது. நம் சம்பளம் ஏறிற்று, அரிசி விலை ஏறிற்று, நாயை வதைக்கும் விலை மட்டும் ஏறவில்லை.

2011இல் நோன்புப் பெருநாள் விடுமுறையில் ஊருக்குப் போனவர்கள், டாமன்சாரா டாமாயில் பிராணிகளைப் பணம் வாங்கிப் பார்த்துக்கொள்ளும் ஒரு கடையில் பூனைகளை விட்டுப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் முந்நூறுக்கும் மேற்பட்ட பூனைகள் சோறு தண்ணீரில்லாமல், மலமூத்திரத்தில் கிடந்தன. சில செத்தும் போயின. நாடே கொதித்தது. இதற்கு 200 வெள்ளிதான் அபராதமா என்று பத்திரிகைகளில் கேட்டார்கள். 2013இல் சட்டம் திருத்தப்பட்டு அபராதம் 50,000 வெள்ளி வரை உயர்ந்தது.

அதோடு நிற்கவில்லை. 2015இல் நாடாளுமன்றம் பிராணிகள் நலச் சட்டத்தை நிறைவேற்றியது. 2017 ஜூலை 1ஆம் தேதி அது தீபகற்பத்திலும் லாபுவானிலும் அமலுக்கு வந்தது. இப்போது வதைக்கு அபராதம் 20,000 வெள்ளியிலிருந்து ஆரம்பித்து ஒரு லட்சம் வெள்ளி வரை. சிறை மூன்று ஆண்டு வரை. இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

இது வெறும் காகிதச் சட்டம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், தாமான் கோம்பாக் ரியாவில் ஒரு சலவைக் கடைக்குள் கருவுற்ற பூனை ஒன்றைத் துணி உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுச் சுற்றவிட்டார்கள். கடையில் இருந்த கேமராவில் எல்லாம் பதிவாகி, நாடே பார்த்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் அவர்களில் ஒருவருக்கு 34 மாதச் சிறையும் 40,000 வெள்ளி அபராதமும் விதிக்கப்பட்டன. அது யாருடைய பூனை, விலை என்ன என்று யாரும் கேட்கவில்லை. தெருப் பூனைதான். ஐந்து வெள்ளிக் காலம் போய்விட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வதைத்தால் தண்டனை என்பது பழைய எண்ணத்தின் நீட்டல்தான். இந்தச் சட்டத்தில் எனக்குப் புதிதாகப் பட்டது வேறு. வளர்க்கிறவனுக்கு அது கடமை சொல்கிறது. பிராணிக்குத் தகுந்த இடம் வேண்டும், தகுந்த உணவு வேண்டும், அதன் இயல்புப்படி நடமாட வழி வேண்டும், மற்றப் பிராணிகளோடு சேர்த்தோ பிரித்தோ வைக்க வேண்டிய முறையில் வைக்க வேண்டும், வலி, காயம், நோய் ஆகியவற்றிலிருந்து காப்பாற்ற வேண்டும். செய்யத் தவறினால் 15,000 வெள்ளியிலிருந்து 75,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். நாள் முழுக்க ஒரு முழக் கயிற்றில் வெயிலில் கட்டிப்போட்டு, "நான் அடிக்கவா செய்தேன்?" என்று கேட்பவரைச் சட்டம் இனி விடாது.

இந்தியாவிலும் மாற்றம் வந்திருக்கிறது. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் எந்தப் பிராணியைக் கொன்றாலும் முடமாக்கினாலும் குற்றம்; பத்து ரூபாய், ஐம்பது ரூபாய் என்ற பழைய விலைக் கணக்கை எடுத்துவிட்டார்கள்.

நடுகல் கண்ட நாய்

வெள்ளைக்காரனிடமிருந்துதான் நாம் நாயை மதிக்கக் கற்றோம் என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்தது. ஆயிரத்து நானூறு ஆண்டுக்குப் பழையது. மாடு பிடிக்க வந்தவர்களோடு போரிட்டு இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அவனருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாம். அந்த நாயின் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். அந்த ஊரில் வாழ்ந்த எத்தனையோ மனிதர்களின் பெயர் மறைந்துபோயிற்று. நாயின் பெயர் நிற்கிறது!

பைரவர் சந்நிதியில் நாயை வாகனமாக வைத்துக் கும்பிடுகிறவர்கள்தாம் நாம். ஆனால் கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் கல்லெடுத்து எறிகிறவர்களும் நாம்தாம். இதை யார் மறுப்பார்கள்?

பரதநாட்டியத்துக்குப் பெயர்போன ருக்மிணி தேவி அருண்டேலை நம்மில் பலர் நாட்டியக்காரர் என்றே அறிவோம். 1952இல் இந்திய மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், அங்கே போய் மிருகவதைத் தடுப்புக்காகத் தனி மசோதா கொண்டுவந்தார். அதன் பயனாகத்தான் 1960இல் இந்தியாவில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962இல் ஏற்பட்ட பிராணிகள் நல வாரியத்துக்கும் அவரே தலைவர். சென்னையிலேயே 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் சங்கம், நாயைக் கொல்லாமல் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று 1960களிலிருந்து சொல்லி வந்தது. கேட்டவர்கள் சிரித்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 1990களில் சென்னை மாநகராட்சி அதையே ஏற்றுக்கொண்டது. பின்னர் 2001இல் இந்தியா முழுவதற்கும் அது விதியாயிற்று.

அதனால் அங்கே பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். நாய்க்கடியால் பிள்ளைகள் சாகிறார்கள் என்ற குரல் அங்கே இன்றும் பலமாகக் கேட்கிறது. 2025 ஆகஸ்ட் 11இல் இந்திய உச்ச நீதிமன்றம் டில்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உத்தரவிட்டு, எதிர்ப்பு வந்து, 22ஆம் தேதியே அதை மாற்றியது. ஊசி போட்டு, கருத்தடை செய்து, வெறி பிடித்தவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைப் பழைய இடத்தில் விடலாம் என்றது. பதினொரு நாளில் இரண்டு தீர்ப்பு! பெரிய நீதிபதிகளுக்கே இந்தக் கேள்வி அவ்வளவு சுலபமாக இல்லை.

தாமானுக்கு வந்தபோது

நம் கதைக்கு வருவோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கித்தா போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. மலாக்காவில் எத்தனை லயங்கள் காலியாயின என்பதை உங்கள் சொந்தக்காரர்களை எண்ணிப் பார்த்தே சொல்லிவிடலாம். லோரி வந்தது. கட்டில், அலமாரி, சாமி படம், தையல் மெஷின் எல்லாம் ஏறின. நாய் ஏறவில்லை.

மெர்லிமாவ் பக்கம் குடியேறிய ஓர் அக்காள் என்னிடம் சொன்னார். வீடு மாறி மூன்றாம் நாள், மறந்துவிட்ட அம்மிக்கல்லை எடுக்கத் திரும்பிப் போனாராம். கதவு கழற்றிய வாசலில் நாய் படுத்திருந்ததாம். "நான் போனதும் எழுந்து வாலாட்டிச்சு. சோறு கேக்கலை. வீட்டுக்குள்ள போயி, எங்க அடுப்பு இருந்த எடத்துல போயி நின்னு என்னைப் பாத்திச்சு." அம்மிக்கல்லை விட்டுவிட்டு நாயை மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாராம் அந்த அக்காள்.

எல்லாருக்கும் அந்தத் துணிவு வராது. வந்தாலும் இடம் இருக்காது. அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு 2015ஆம் ஆண்டு விதி ஒன்று இருக்கிறது. மற்றக் குடியிருப்பாளருக்குத் தொல்லையோ ஆபத்தோ தரும் பிராணியை, அல்லது மாநில, நகராண்மைக் கழக விதிகளுக்கு ஒவ்வாத பிராணியை வைத்திருக்கக் கூடாது. நிர்வாகம் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால் மூன்று நாளில் அப்புறப்படுத்த வேண்டும். தரை வீட்டில் இருப்பவர் நகராண்மைக் கழகத்தில் ஆண்டுதோறும் நாய் லைசென்ஸ் எடுக்க வேண்டும். கட்டணமும், ஒரு வீட்டுக்கு எத்தனை நாய் என்ற கணக்கும் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் அந்தக் கட்டணம் ஒரு மாத டெலிபோன் பில்லைத் தாண்டாது. பிட்புல், அக்கித்தா, தோசா போன்ற சில சாதி நாய்களை நாட்டுக்குள் கொண்டுவரவே தடை.

பூனைக்கோ பெரும்பாலான இடங்களில் லைசென்ஸ் கிடையாது. அதனால்தான் உம்பாய் மேசைக்கு அடியில் அது சுதந்திரமாக உட்கார்ந்திருக்கிறது. சிங்கப்பூரில் நேர்மாறாக இருந்தது. அங்கே அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் குறிப்பிட்ட சிறு சாதி நாய் ஒன்றை வளர்க்கலாம், பூனை கூடாது என்று 1989 முதல் தடை. 2024 செப்டம்பர் 1 முதல் தான் வீட்டுக்கு இரண்டு பூனை என்று அனுமதித்தார்கள். அதுவும் லைசென்ஸோடு. ஜொகூர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நாய்க்கு மரியாதை, இந்தப் பக்கம் பூனைக்கு மரியாதை!

உம்பாயில் ஏன் நாய் இல்லை என்ற பேத்தியின் கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. சுற்றி இருப்பது மலாய்க்காரர் கம்பம். அவர்கள் சமயத்தில் பூனை சுத்தமான பிராணி. வீட்டுக்குள் தாராளமாக வரலாம். நாயின் எச்சிலோ ஈரமான உடம்போ பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். அவர்களுக்கு நாயின் மேல் பகை இல்லை. வழிபாட்டுக்குச் சுத்தம் வேண்டும் என்பதுதான் காரணம். 2014 அக்டோபரில் பண்டார் உத்தாமாவில் மலாய் இளைஞர்கள் சிலர் நாயைத் தொட்டுப் பழக ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள், பிறகு பெரிய சர்ச்சையும் எழுந்தது. தாமான் வீட்டில் நம் சுவருக்கு அடுத்த சுவர் அவர்களுடையது. நம் நாய் அவர்கள் வாசலில் போய்ப் படுத்தால் அவர்களுக்கு எவ்வளவு சங்கடம் என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டாமா? கதவைச் சாத்தி வைப்பதும், வெளியே கூட்டிப் போனால் கயிறு பிடிப்பதும் பெரிய தியாகம் அல்ல. என் பக்கத்து வீட்டு மாக்சிக் என் நாய்க்கு மீன் முள் வைப்பார், வேலிக்கு மேலாக. தொடமாட்டார். "செல்லம்" என்று தமிழில் கூப்பிடுவார்.

மறுபடி பழைய பயம்

வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடு என்று பெயர் வாங்கிச் சில ஆண்டுகள்தான் ஆகியிருக்கும். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அது மீண்டும் தலைகாட்டிற்று. பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல உத்தரவு வந்தது. பிராணி நலச் சங்கங்கள் எதிர்த்தன. 2017இல் சரவாக்கில் பரவி, முதலில் சிறு குழந்தைகளையே கொண்டுபோயிற்று. அங்கே இன்னும் அது முற்றாக ஒழியவில்லை.

ஆகவே நாய் கடித்தால் மிளகாய் வைப்பது, சுண்ணாம்பு தடவுவது, மந்திரிப்பது எல்லாவற்றையும் மூட்டை கட்டுங்கள். கடித்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடி சின்னதாக இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. நோய்க் குறி தெரிந்த பிறகு டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. பூனை கடித்தாலும் இதே கதைதான்.

சுடும் பழக்கமும் இன்னும் அடங்கவில்லை. 2024 அக்டோபரில் திரெங்கானு, பெசுட்டில் கோப்பி என்று மக்கள் செல்லமாகக் கூப்பிட்ட தெருநாய் ஒன்று சுட்டுக் கொல்லப்பட்டது. சாந்தமான நாய் என்று அதைத் தெரிந்தவர்கள் கண்ணீர் விட்டார்கள், நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது, வழக்கும் தொடுத்தார்கள். எங்கள் மணி செத்த அன்று லயத்தில் அடுப்பு எரியவில்லை, அவ்வளவுதான். ஒரு தெருநாய்க்காக நகராண்மைக் கழகத்தைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் எங்கள் தாத்தா சிரித்திருப்பார்.

உங்கள் தாமானில் யாராவது பிராணியை வதைப்பதைப் பார்த்தால் சண்டைக்குப் போகாதீர்கள். நாள், நேரம், இடம் குறித்துக்கொண்டு, முடிந்தால் படமும் எடுத்து, மாநிலக் கால்நடைச் சேவை இலாகாவில் புகார் கொடுங்கள். இந்தச் சட்டத்தை நடத்துவது அந்த இலாகாதான். பெண் குட்டிகளைச் சந்தையில் கொண்டுபோய் விடும் வழக்கத்தையும் விட வேண்டும். கருத்தடைக்குச் செலவு ஆகும் என்பது உண்மை. ஆனால் ஆண்டுக்கு இரண்டு ஈற்றுக் குட்டிகளை யார் தலையிலோ கட்டுவது எப்படிப்பட்ட சிக்கனம்?

மெர்லிமாவ் அக்காள் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்த நாய் இப்போது இல்லை. வயதாகி, அவர் வீட்டு வாசலிலேயே போயிற்று. அதற்கு அவர் முதல் முறை லைசென்ஸ் எடுக்கப் போனபோது நான்தான் துணைக்குப் போனேன். பாரம் நிரப்பத் தெரியாது என்று என்னை எழுதச் சொன்னார். நாயின் நிறம், ஆணா பெண்ணா, வீட்டு விலாசம் எல்லாம் எழுதினேன். உரிமையாளர் பெயர் என்ற இடம் வந்ததும் பேனாவை வாங்கிக்கொண்டார்.

"இதை நானே எழுதுறேன் தங்கச்சி."

மூன்றாம் வகுப்பு வரை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரைத் தமிழிலேயே எழுதினார். கவுண்டரில் இருந்த பெண் பார்த்துவிட்டு, மலாயிலும் எழுதுங்கள் அம்மா என்று சிரித்தாள். பக்கத்திலேயே அதையும் நான் எழுதிக் கொடுத்தேன். வில்லையைக் கையில் வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு, பஸ்ஸில் வரும்போது இரண்டு முறை அவிழ்த்துப் பார்த்தார்.